கலைச் சேகரிப்பின் வாரிசுரிமை: உடைமையும் பொறுப்பும்

வாழ்நாள் முழுவதும் தேடித் திரட்டிய கலைப்பொருள்களை ஒருவர் தம் மக்களுக்கு விட்டுச் செல்லும்போது உண்மையில் கைமாறுவது எது என்னும் கேள்வி சட்டத்துக்கு எளியது, மெய்யியலுக்குக் கடினமானது. உயில் இருந்தால் உயிலின்படியும், இல்லாவிட்டால் வாரிசு முறைப்படியும் ஓவியமும் சிற்பமும் நிலபுலன்களைப் போலவே அடுத்த தலைமுறைக்குச் சேரும் என்பதோடு சட்டத்தின் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு சேகரிப்பில் பொருள்களோடு கூட, பல்லாயிரம் பொருள்களுக்கு நடுவே சிலவற்றை மட்டும் தேர்ந்து மற்றவற்றை விலக்கிய ஒரு மனத்தின் தீர்ப்புகளும் அடங்கியிருக்கின்றன. பொருள்கள் மகனுக்கோ மகளுக்கோ வந்து சேர்கின்றன. அவற்றைத் தேர்ந்த கண் வந்து சேர்வதில்லை. ஆகவே பெற்றோர் போற்றியதைப் பிள்ளைகள் போற்றாமற்போவதும், பெற்றோர் ஏறெடுத்தும் பாராததைப் பிள்ளைகள் தேடிப் போவதும் சேகரிப்பாளர் குடும்பங்களில் அடிக்கடி நிகழ்கின்றன. இவ்வேறுபாட்டை நன்றிகேடு என்று கொள்வதா, வளர்ச்சி என்று கொள்வதா என்னும் வழக்கு ரசனையின் எல்லைக்குள் தீர்வதில்லை. மனிதர் எதை 'எனது' என்று சொல்லலாம் என்னும் பழைய சமய வினா அதற்குள் புதைந்திருக்கிறது.

அவ்வினாவை இந்தியச் சிந்தனை மரபுகள் பற்று என்னும் தலைப்பில் விரிவாக ஆராய்ந்துள்ளன. உடம்பையே 'நான்' என்று மயங்குவதை அகப்பற்று என்றும், வெளிப்பொருளை 'எனது' என்று மயங்குவதைப் புறப்பற்று என்றும் தமிழ் உரை மரபு பிரித்துக் காட்டும். சேகரிப்பாளரிடம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை மங்கிவிடுகிறது. தேர்ந்தெடுத்த பொருள்களிலேயே அவர் தம்மைக் காண்பதால், வெளியிலிருக்கும் சேகரிப்பு அவருக்கு இன்னோர் உடம்பாகி, புறப்பற்று அகப்பற்றின் வலிமையைப் பெற்றுவிடுகிறது. சமணம் வகுத்த அபரிக்கிரகம், அதாவது பொருளைத் தன்னதாகப் பற்றிக்கொள்ளாமை என்னும் நோன்பு, இங்கே நுட்பமான ஒரு வேறுபாட்டைச் செய்கிறது: பொருள் அருகில் இருப்பதைவிட அதன்மேல் மனம் மயங்கிக் கிடப்பதையே அம்மரபு உண்மையான உடைமையாகக் கருதி, அம்மயக்கத்துக்கு மூர்ச்சை என்று பெயரிட்டது. ஐரோப்பிய மெய்யியலில் இதற்கு அணுக்கமான சிந்தனையைக் கபிரியேல் மார்செல் 1935இல் வெளியிட்ட 'இருத்தலும் உடைமையும்' என்னும் நூலில் காணலாம். ஒருவர் தம்மிடம் வைத்திருக்கும் பொருளே காலப்போக்கில் அவரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. மறுபுறம், ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் நூல் சேகரிப்பைப் பற்றி 1931இல் எழுதிய கட்டுரையில், ஒரு சேகரிப்பை அடையும் வழிகளுள் வாரிசாகப் பெறுவதே மிக உறுதியானது என்றும், சேகரிப்பாளர் தம் பொருள்களிடம் காட்டும் பொறுப்புணர்ச்சி ஒரு வாரிசின் மனநிலையைச் சேர்ந்தது என்றும் வாதிட்டார்.

இந்த இரு நோக்குகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினாலும், தலைமுறை வேறுபாடு என்னும் நிகழ்வை இடையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் இணைகின்றன. பிள்ளைகள் பெற்றோரின் ரசனையை அப்படியே ஏற்காத இடத்தில்தான், சேகரித்தவரின் 'எனது' பொருளிலிருந்து கழன்று, அப்பொருள் யாருக்காக, எதற்காக உண்டாக்கப்பட்டது என்னும் கேள்வி முதன்முறையாக எழ முடிகிறது. அக்கேள்வியைக் கேட்டு அதன்படி நடப்பதே வாரிசின் கடமை. ரசனையைத் தொடர்வது அக்கடமையில் அடங்காது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாக நிகழ்ந்தவை இக்கருத்தை ஆராய்வதற்கு ஏற்றவை. சமய நம்பிக்கையும் பெருஞ்செல்வமும் கலை ஈடுபாடும் ஒருங்கே கொண்ட அக்குடும்பத்தில், ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறைக்குப் புரியாத ஒன்றைச் சேகரித்தது.

பீங்கானுக்காக ஒரு கடிதம்

ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை உருவாக்கிய முதலாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் (1839–1937) பாப்டிஸ்ட் திருச்சபையில் ஊறி வளர்ந்தவர். 16 வயதில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே, சிறு சம்பளத்திலிருந்து திருச்சபைக்கும் ஏழைகளுக்கும் கொடுத்த காசுகளைக் கூட விடாமல் குறித்துவந்தவர். அவருடைய வாழ்வை ஆண்ட கோட்பாடு கிறித்தவ இறையியலில் பொறுப்பாண்மை எனப்படுவது. செல்வம் முழுவதும் இறைவனுடையது, மனிதர் அதை அவர் சார்பில் கையாளும் மேலாளர் மட்டுமே, ஒருநாள் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும் என்று அக்கோட்பாடு கூறும். ஊழியர்களிடம் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் பயணம் போன எசமானன் திரும்பி வந்து கணக்குக் கேட்பதாகச் சொல்லும் விவிலியத்தின் தாலந்து உவமை அதற்கு அடிப்படை. இக்கோட்பாட்டுக்குள் தொழிலுக்கு இடமுண்டு, கொடைக்கு இடமுண்டு. கண்ணுக்கு இன்பம் தருகிறது என்பதற்காகப் பெருந்தொகை கொடுத்து ஒரு பூச்சாடியை வாங்குவதற்கு எங்கே இடம் என்பது எளிதில் விளங்காது.

அந்த இடத்தைத் தேடும் வேலை மகனுக்கு வந்து சேர்ந்தது. 1913இல் வங்கியாளர் ஜே. பியர்பான்ட் மார்கன் இறந்தபின், அவர் மகன் ஜாக் மார்கன் தந்தை சேர்த்தவற்றில் பெரும்பகுதியை விற்றார். அவற்றுள் சீனப் பீங்கான்களும் இருந்தன. அவற்றுள் சிறந்தவற்றை வாங்க விரும்பிய இரண்டாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் (1874–1960), பத்து இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் தந்தையிடம் 1915இல் கடனாகக் கேட்டார். அது வீண் செலவு என்று தந்தை தயங்கியபோது, மகன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். குதிரைகளிலும் உல்லாசப் படகுகளிலும் தாம் பணத்தை இறைத்ததில்லை என்றும், இந்தப் பீங்கான்களின் மேலுள்ள விருப்பம் ஒன்றே தம் பொழுதுபோக்கு என்றும், அது அமைதியானது, பகட்டில்லாதது என்றும் அதில் விளக்கினார். தந்தை மனம் இளகி, கேட்ட பணத்தைக் கடனாக அல்லாமல் கொடையாகவே கொடுத்துவிட்டார்.

இந்நிகழ்வில் இரண்டு குடும்பங்களின் தந்தை மகன் வேறுபாடு ஒரே பொருளின்மேல் சந்திக்கிறது. தந்தை நேசித்ததை நேசிக்காத ஒரு மகனின் கையிலிருந்து விடுபட்ட பீங்கான், தந்தை நேசிக்காததை நேசித்த இன்னொரு மகனின் கைக்குப் போகிறது. அக்கடிதத்தின் மொழியும் கவனிக்கத்தக்கது. அழகு தன்னளவிலேயே நன்மை என்று மகன் வாதிடவில்லை. தம் ஈடுபாட்டைத் தந்தையின் சமயச் சொற்களில், சிக்கனம், அடக்கம், பகட்டின்மை ஆகிய அறங்களின் பெயரால் நியாயப்படுத்துகிறார். ரசனை மாறியிருக்கிறது, எதையும் ஒருவருக்குக் கணக்குச் சொல்லியே வைத்திருக்க வேண்டும் என்னும் உணர்ச்சி மாறவில்லை. தந்தையிடமிருந்து மகன் பெற்ற வாரிசுரிமை அந்த உணர்ச்சியே.

ஒரே வீட்டில் இரு ரசனைகள்

இரண்டாம் ராக்ஃபெல்லருடைய மனம் முழுமையடைந்த கைவினையை நாடியது. 1500ஆம் ஆண்டை ஒட்டி நெதர்லாந்துப் பகுதியில் கம்பளியும் பட்டும் வெள்ளிச் சரிகையும் பொற்சரிகையும் கொண்டு நெய்யப்பட்ட, ஒற்றைக்கொம்புக் குதிரை வேட்டையைக் காட்டும் ஏழு சித்திரத் திரைச்சீலைகளை அவர் 1920களில் வாங்கி நியூயார்க் வீட்டில் தொங்கவிட்டார். வேட்டையாடப்பட்டுக் கொல்லப்பட்டு மீண்டும் உயிரோடு தோன்றும் அவ்விலங்கை இடைக்காலக் கிறித்தவர்கள் இயேசுவின் உருவகமாகவும் கொண்டனர். படங்களையும் சிலைகளையும் வழிபாட்டிலிருந்து விலக்கிய சீர்திருத்தத் திருச்சபை மரபில் வந்த ஒருவர், கத்தோலிக்க உலகின் அந்த உருவகத்தைத் தம் இல்லத்தில் வைத்து நாள்தோறும் பார்த்திருந்தார். 1937இல் அவற்றை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர் நிதியால் எழுந்து 1938இல் திறக்கப்பட்ட குளாய்ஸ்டர்ஸ் என்னும் இடைக்காலக் கலைக்கூடத்தில் அவை இன்றும் உள்ளன.

அதே வீட்டின் மேல்தளத்தில் அவருடைய மனைவி ஏபி ஆல்ட்ரிச் ராக்ஃபெல்லர் (1874–1948) தாம் வாங்கிய புதுக்கலை ஓவியங்களுக்கென ஒரு கூடம் அமைத்திருந்தார். தம் காலத்தில் வாழ்ந்து வறுமையோடு வரைந்துகொண்டிருந்த கலைஞர்களைத் தேடிப்போய் வாங்கியவர் அவர். லில்லி பிளிஸ், மேரி குயின் சல்லிவன் ஆகியோருடன் சேர்ந்து அவர் நிறுவிய நவீனக் கலை அருங்காட்சியகம் 1929 நவம்பரில், பங்குச்சந்தை வீழ்ந்த சில நாள்களில் திறக்கப்பட்டது. கணவருக்கு அக்கலை பிடிக்கவே இல்லை. தாம் மதித்த நேர்த்தியையும் அழகையும் அதில் அவரால் காண முடியவில்லை. ஆயினும் காலப்போக்கில் அவ்வருங்காட்சியகத்துக்கு நிலமும் நிதியும் அளித்தவர்களுள் அவரும் ஒருவரானார். அவர்கள் வாழ்ந்த வீடு இடிக்கப்பட்ட இடத்தில், ஏபியின் பெயரைத் தாங்கிய சிற்பத் தோட்டம் 1953இல் அமைந்தது.

இவ்விருவரின் மக்கள் எதை வாரிசாகப் பெற்றார்கள் என்று பார்த்தால், கீழ்த்தளம், மேல்தளம் இரண்டில் ஒன்றை அப்படியே பெற்றவர் ஒருவரும் இல்லை. மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் (1906–1978) தந்தையின் பீங்கான் ஈடுபாட்டிலிருந்து புறப்பட்டு ஆசியாவின் பிற கலைகளுக்கும் சென்று, 1956இல் ஆசியா சொசைட்டியை நிறுவி, தம் துணைவியார் பிளான்ஷெட்டுடன் சேர்த்த ஏறத்தாழ 300 பொருள்களை அதற்கே உயிலாக எழுதிவைத்தார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் அச்சேகரிப்பின் சிறப்புகளுள் அடங்கும். நெல்சன் (1908–1979) தாயின் புதுக்கலையோடு நில்லாமல், ஆப்பிரிக்கா, ஓசியானியா, தொல் அமெரிக்கா ஆகிய நிலப்பகுதிகளின் கலைக்கெனத் தனி அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கி 1957இல் திறந்தார். இளையவரான டேவிட் (1915–2017) தாம் சேர்த்தவற்றைத் தம் மறைவுக்குப் பின் விற்று அறப்பணிகளுக்கு அளிக்க ஏற்பாடு செய்தார்; 2018 மே மாத ஏலத்தில் அவை 80 கோடி டாலருக்கும் மேல் ஈட்டின. பெற்றோரிடமிருந்து இவர்கள் மூவரும் பெற்றுக்கொண்டது, உற்றுப் பார்க்கும் பழக்கத்தையும், பார்த்ததை இறுதியில் பொதுவில் வைத்துவிட வேண்டும் என்னும் கடப்பாட்டையுமே.

மறுப்பவர் இல்லாத சேகரிப்பு

தலைமுறை வேறுபாடு ஒரு நன்மை என்பதை, அவ்வேறுபாடே எழ வாய்ப்பில்லாத ஒரு சேகரிப்போடு ஒப்பிட்டால் தெளிவாகக் காணலாம். பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் தம் ஒரே மகனை இரண்டு வயது நிறையும் முன்பே 1865இல் பறிகொடுத்தவர். பின்னாளில் அவர் கட்டி 1903இல் திறந்த அருங்காட்சியகத்தில் ஒவ்வோர் ஓவியத்தையும் நாற்காலியையும் தம் கையாலேயே இடம்பார்த்து வைத்தார். அவ்வமைப்பை நிலையாக மாற்றினால் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும் என்று அவர் உயிலில் எழுதினார். தம் பிறந்தநாளில் அங்குள்ள சிற்றாலயத்தில் ஆண்டுதோறும் தமக்காக வழிபாடு நடக்கவும் வழிசெய்தார். 1990 மார்ச்சில் 13 கலைப்பொருள்கள் அங்கிருந்து திருடப்பட்ட பிறகு, ஓவியங்கள் இருந்த இடங்களில் வெறும் சட்டங்களே தொங்குகின்றன.

கார்ட்னரின் பேரார்வத்தையும் துயரத்தையும் மதிக்காமல் இதைப் பேச முடியாது. எனினும் இங்கே ஒரு சமயச் சிக்கல் இருக்கிறது. கோயிலில் மூலவரின் இடத்தை மாற்றலாகாது என்பதற்குக் காரணம் அங்கே தெய்வம் நிலைபெற்றிருக்கிறது என்னும் நம்பிக்கை. சேகரித்தவரின் விருப்பத்துக்கு அதே மாறாமையைக் கொடுக்கும்போது, தெய்வம் இருந்த இடத்தில் அவருடைய 'எனது' அமர்த்தப்படுகிறது. பெற்றோர் வைத்ததை வேறிடத்தில் வைக்கும் பிள்ளை, தானறியாமலேயே அந்தச் சிறு தெய்வமாக்கலைத் தடுக்கிறது. பெற்றோரின் தேர்வு ஒரு மனிதரின் தேர்வே என்பதைத் தன் மாறுபாட்டால் நினைவூட்டுகிறது.

தெய்வமே உரிமையாளர்

இதுவரை கூறியவற்றில் கேள்வி பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் மட்டுமே நின்றது. வழிபாட்டுக்குரிய திருமேனி ஒன்று சேகரிப்புக்குள் வந்தவுடன் மூன்றாவது தரப்பு ஒன்று சேர்ந்துகொள்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்றை அருகில் நின்று பார்ப்பவருக்கு, பீடத்தின் ஓரங்களில் துளைகளோ வளையங்களோ தென்படும். விழா நாள்களில் தோளில் சுமந்து வீதியுலா கொண்டுசெல்வதற்காகத் தண்டுகளைச் செருகவும் கயிற்றால் கட்டவும் அமைந்தவை அவை. மூக்கும் உதடும் கன்னமும் மழுங்கியிருந்தால், பல நூற்றாண்டுகளாகப் பாலும் தேனும் சந்தனமும் கொண்டு கைகளால் தேய்த்து நீராட்டியதன் தடம் அது. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையில் உருவானதால், ஒரு வார்ப்பில் ஒரு திருமேனியே பிறக்கும். அதுவும் கோயிலில் பட்டும் மாலையும் அணிந்து முகம் மட்டும் தெரியும்படியே அடியார்க்குக் காட்சி தந்தது. உடலின் வளைவைக் கண்டு வியக்கும் சேகரிப்பாளர், அடியார் ஒருபோதும் முழுமையாகக் காணாத ஒன்றைக் காண்கிறார். அடியார் கண்ட ஒன்றையோ அவரால் காண முடிவதில்லை.

அத்தகைய திருமேனி யாருடையது என்னும் கேள்விக்கு இந்தியச் சட்டம் தரும் விடை வாரிசுரிமையின் இலக்கணத்தையே மாற்றுகிறது. பிரதிட்டை செய்யப்பட்ட தெய்வ உருவம் சட்டத்தின் கண்ணில் உரிமைகளும் சொத்தும் உடைய ஓர் ஆள். தன் காரியங்களைத் தானே நடத்த இயலாமையால் எப்போதும் வயதுவராதவர் போலக் கருதப்பட்டு, பிறர் வழியே வழக்காடும். கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்து விக்கிரகம் பற்றி 1925இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு இதில் முதன்மையானது. முன்னோர் ஒருவர் நிறுவிய அவ்விக்கிரகத்துக்கு வழித்தோன்றல்கள் முறைவைத்துப் பூசை செய்துவந்தனர். தம் முறைக்காலத்தில் அதைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று குடும்பத்தாருக்குள் வழக்கு எழுந்தது. விக்கிரகம் குடும்பத்தார் விருப்பம்போல் இடம்மாற்றக்கூடிய தட்டுமுட்டுப் பொருளன்று என்றும், அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதன் விருப்பத்துக்கே மதிப்பளிக்க வேண்டும் என்றும், அவ்விருப்பத்தை எடுத்துரைக்கத் தன்னலத் தொடர்பில்லாத ஒருவரை நீதிமன்றம் அமர்த்த வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. ஆகவே அக்குடும்பத்தின் மக்கள் முன்னோரிடமிருந்து பெற்றது திருமேனியை அன்று. அதற்குப் பணி செய்யும் உரிமையையும் கடமையையுமே. வங்காளத்தில் அப்பொறுப்பை ஏற்பவரைச் சேபாயத் என்பர். தமிழ்நாட்டுக் கோயில் வழக்கில் தருமகர்த்தா என்னும் பொறுப்பு இதற்கு நெருக்கமானது.

இந்த நோக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் திருமேனி சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்டு, இலண்டனில் ஒரு கனடா நிறுவனத்தின் கைக்குச் சேர்ந்தபோது, அதை மீட்க இங்கிலாந்து நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் மட்டுமன்றி, பாழடைந்து கிடந்த அக்கோயிலும் உரிமை கோரும் தரப்பாக நின்றது. அயல்நாட்டு நீதிமன்றமும் அக்கோயிலின் சட்ட ஆளுமையை ஏற்றுக்கொண்டது. மேல்முறையீடும் முடிந்து 1991இல் நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். பூசை நின்று பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தபோதும் திருமேனியின் உறவு அறுந்துவிடவில்லை என்பதே அவ்வழக்கின் உட்பொருள். திருப்பணிக் காலத்தில் திருமேனியிலிருந்து தெய்வ ஆற்றலைக் கும்ப நீருக்கு மாற்றி வைத்து, பணி முடிந்ததும் மீண்டும் திருமேனியில் சேர்ப்பிக்கும் கலாகர்ஷணம் என்னும் ஆகமச் சடங்கு, உலோகமும் அதில் எழுந்தருளும் ஆற்றலும் ஒன்றல்ல என்பதைக் கோயில் மரபே அறிந்திருந்ததைக் காட்டுகிறது. அவ்விரண்டையும் முறைப்படி பிரிக்கவும் சேர்க்கவும் உரியவர் அம்மரபினரே. விலை கொடுத்து வாங்கியவருக்கோ அவர் மகனுக்கோ அந்த உரிமை இல்லை.

அழிவதற்கென்றே செய்யப்பட்டவை

திருமேனி தலைமுறைகள் கடந்து நிலைத்திருக்கச் செய்யப்பட்டது. இதற்கு நேர்மாறான ஒரு மரபை நெல்சன் ராக்ஃபெல்லரின் மகன் மைக்கேல் எதிர்கொண்டார். 1961இல் தந்தையின் அருங்காட்சியகத்துக்காக நியூகினியின் தென்மேற்குக் கரையில் வாழும் அஸ்மத் மக்களிடையே சென்று, மரக்கேடயங்களையும் முரசுகளையும் பிசு என்று அம்மக்கள் அழைக்கும் நெடிய கம்பங்களையும் அவர் சேகரித்தார். ஒரே மரத்தில், இறந்தவர்களின் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி கடைந்து, மரத்தின் பலகைபோன்ற வேர் ஒன்றை மட்டும் வெட்டாமல் விட்டு, அதைச் சிறகுபோல மேலே நீளச் செய்வர். சில கம்பங்கள் ஐந்து மீட்டரையும் கடந்து உயரும். போரில் மாண்டவர்களை நினைந்து, பழிதீர்க்கும் கடனை உயிரோடிருப்பவர்க்கு நினைவூட்டும் விழாவுக்காக அவை எழுப்பப்பட்டன. விழா முடிந்தபின் சவ்வரிசி மரத் தோப்புகளில் விடப்பட்டு மக்கி, தம்முள் இருந்த ஆற்றலை அம்மரங்களுக்கும், அவற்றை உண்டு வாழும் மக்களுக்கும் கொடுத்தன.

அஸ்மத் தந்தையிடமிருந்து மகனுக்குக் கம்பம் போகவில்லை. கம்பம் கடையும் திறனும், இறந்தவர்க்குச் செய்ய வேண்டிய கடனுமே போயின. இவ்வகை வாரிசுமுறை தமிழருக்கும் அயலானதன்று. ஐயனார் கோயில்களுக்கு வேளார் எனப்படும் குயவர்கள் செய்தளிக்கும் சுடுமண் குதிரைகள் மழையிலும் வெயிலிலும் கரைந்து சிதைய விடப்படுகின்றன. குதிரை எடுப்பு விழா வரும்போது அவற்றைப் பழுதுபார்க்காமல் புதியனவற்றைச் செய்து ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துவர். உற்சவ மூர்த்தியைக் காலங்காலமாகக் காக்கும் சமூகமே, அதே பக்தியோடு மண் குதிரையைச் சிதைய விடவும் செய்கிறது. போற்றுதல் என்றால் பாதுகாத்தலே என்பது அருங்காட்சியக யுகத்தின் முடிவு. விடுவித்தலும் போற்றுதலாகலாம் என்பதை இவ்விரு மரபுகளும் அறிந்திருக்கின்றன.

மைக்கேல் 1961 நவம்பரில், 23 வயதில், அஸ்மத் கரையோரம் படகு கவிழ்ந்ததை அடுத்து நீந்திக் கரைசேர முயன்றபோது காணாமற்போனார். தந்தை தம் அருங்காட்சியகத்தின் பொருள்களை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளிக்க 1969இல் ஒப்புக்கொண்டார். மகன் பெயரைத் தாங்கிய பகுதி அங்கே 1982இல் திறக்கப்பட்டது. மகன் தந்தைக்காகத் திரட்டியதைத் தந்தை மகனின் நினைவுக்காகக் கொடுக்க நேர்ந்த இந்தத் தலைகீழ் வாரிசுரிமையில் பெரும் துயரம் உண்டு. அஸ்மத் மக்கள் தம் மக்களை நினைந்து அழுவதற்காக எழுப்பிய கம்பங்கள், வேறொரு நாட்டில் வேறொரு மகனின் நினைவுச்சின்னமாயின. அத்துயரம் உண்மையானது என்பதாலேயே, அக்கம்பங்களுக்குரிய முதல் துயரத்தை அது மறைத்துவிடலாகாது. அவை தோப்பில் மக்கியிருந்தால் இன்று உலகம் அவற்றைக் கண்டிராது என்பதும் மெய். உலகம் காண்பதற்காக அவை செய்யப்படவில்லை என்பதும் மெய். இவ்விரு மெய்களையும் ஒருசேர ஏந்தும் பொறுப்பு, சேகரித்த தலைமுறையைவிடப் பெற்றுக்கொண்ட தலைமுறைக்கே கூடுதலாக உண்டு. ஏனெனில் ஆர்வத்தின் வேகத்தில் கேட்கத் தவறிய கேள்விகளை ஆர்வம் தணிந்தவர்களால் அமைதியாகக் கேட்க முடியும்.

பிள்ளைகளின் கடன்

பெற்றோரின் ரசனையை மறுத்துக்கொண்டே பெற்றோரைப் போற்ற முடியுமா என்னும் ஐயத்துக்கு, நியூயார்க் மாநிலத்தின் பொக்கான்டிகோ ஹில்ஸ் என்னும் சிற்றூரில் ராக்ஃபெல்லர் குடும்பத்தார் வழிபட்டுவந்த யூனியன் ஆலயம் விடை தருகிறது. ஏபியின் நினைவாக அவர் மக்கள் ஹென்றி மத்தீசிடம் கேட்டுப் பெற்ற வட்டவடிவ வண்ணக் கண்ணாடிச் சாளரம் அவ்வோவியரின் கடைசிப் படைப்பு. 1954இல் அவர் இறக்கும் தறுவாயில் முடித்த அது 1956இல் அன்னையர் நாளன்று அர்ப்பணிக்கப்பட்டது. தாய் நேசித்த கலைஞரைக் கொண்டே தாய்க்கு நினைவுச்சின்னம் அமைத்ததில் வியப்பில்லை. புதுக்கலையை விரும்பாத தந்தையின் நினைவுக்கும் அவர்கள் புதுக்கலை ஓவியரான மார்க் சாகாலையே நாடினர்; அங்கே அமைந்த அவருடைய சாளரத்தின் பொருள் விவிலியத்தின் நல்ல சமாரியன் உவமை. வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கி, காயம் கட்டி, விடுதியில் சேர்த்து, செலவையும் ஏற்றுக்கொண்டு தன் வழியே போனவனின் கதை அது. செல்வம் தம்முடையதன்று என்று நம்பி வாழ்ந்த ஒரு மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான கதையைத் தேடுவது கடினம். அங்கே பேசும் கலைமொழி தாய் கற்பித்தது. அது சொல்லும் நம்பிக்கை தந்தையுடையது.

இதிலிருந்து வாரிசின் கடமை மூன்று படிகளாகத் தெளிவடைகிறது. தான் பெற்ற பொருளை நேசிக்கும் கட்டாயம் பிள்ளைக்கு இல்லை. நேசம் உயிலில் எழுதிக் கொடுக்கக்கூடியதன்று, நடிக்கப்படும் நேசம் பொருளுக்கும் பெற்றோருக்கும் ஒருங்கே அவமதிப்பு. ஆயினும் அப்பொருளை அறிந்துகொள்ளும் கட்டாயம் உண்டு. அது எந்தக் கைகளால் எதற்காகச் செய்யப்பட்டது, எவ்வழியாக வீட்டுக்கு வந்தது, அதன்மேல் வேறு யாருடைய வழிபாடும் துயரமும் படிந்திருக்கின்றன என்பவற்றைக் கேட்காமல் வைத்திருப்பதும் விற்பதும் ஒரேயளவு குருட்டுச் செயல்களே. அறிந்தபின், அவ்வறிவின்படி நடக்கும் கட்டாயமும் உண்டு. சிலவற்றைக் காக்க வேண்டியிருக்கும், சிலவற்றைப் பலரும் காணும் இடத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கோயிலுக்குரிய திருமேனியென்று தெரிந்தால், பெற்றோர் நல்ல எண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியதாகவே இருப்பினும் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

அப்படித் திருப்பித் தருவது பெற்றோரைக் குற்றவாளியாக்குவது என்று அஞ்சுவோர் உண்டு. பெற்றோரின் வாழ்வை அவர்கள் சேர்த்த பொருள்களோடு ஒன்றாக்கிக் காணும்போதே அந்த அச்சம் எழுகிறது. உடம்பை உயிரென்று மயங்குவதும் அவ்வாறு ஒன்றாக்கிக் காண்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். பெற்றோரிடம் மெய்யாகவே உயர்ந்திருந்தது, தம்மினும் பெரிய ஒன்றின்முன் நின்று அதை உற்றுப் பார்த்த பணிவு. பீங்கானின் முன்னும் மத்தீசின் வண்ணங்களின் முன்னும் நடராசரின் முன்னும் அப்பணிவே அவர்களை நிறுத்தியது. பின்னால் வந்த 'எனது' அதன்மேல் படிந்த மாசு. அந்தப் பணிவைப் பெற்றுக்கொண்டு மாசை விலக்கும் பிள்ளைகள், பெற்றோர் சேர்த்த பொருள்களுள் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாவிட்டாலும் அவர்களுடைய உண்மையான வாரிசுகளே ஆவர்.